பெட்டி ஏறின வண்டி

ஏறுங்க தம்பி. பின்னாடி வேண்டாம், தகரம், உக்காந்தா வெந்துரும். முன்னாடியே வாங்க. கதவ ஓங்கி இழுங்க, மெதுவாச் சாத்துனா வழியில தொறந்துக்கும். ம், சரி.

நீங்க வழி காட்ட வரலீன்னாலும் எனக்கு உங்க ஊரு தெரியுமுங்க. உங்க அப்பாவையும் தெரியும். முன்னெல்லாம் சந்தைக்கு வந்தாருன்னா எங்க கொடிக்கால் வெத்தலை வாங்காமத் திரும்ப மாட்டாரு. காம்பக் கிள்ளி மோந்து பாத்துட்டுத்தான் மடியில வெப்பாரு. அவரு போயி சோளக்காட்டுல வெயில்ல நிக்கறதாவது? வெள்ளென போயிட்டு வெள்ளென வந்திருக்கோணும். இப்பெல்லாம் கட்டட வேலைக்காரங்களே விடிய முன்னால போயி ஒம்பதுக்கெல்லாம் சட்டிய கவுத்தர்றாங்க. இவரு பழைய நெனப்புல மத்தியானம் வரைக்கும் நின்னுருக்காரு. நெஞ்சு வலின்னு சொல்வாங்க. சொல்லட்டும். நான் பாக்காத நெஞ்சு வலியா? வெயிலு தம்பி.

அழுவாதீங்க. இல்ல, அழுவுங்க, அழுதா நல்லது. நான் கொஞ்சம் பேசிக்கிட்டே வாரேன், தப்பா எடுத்துக்காதீங்க. பேசாம ஓட்டுனா பின்னாடி அந்த ஐஸ் பெட்டி ஆடற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே வரும். உள்ள யாரோ புரண்டு படுக்கற மாதிரி. காலிப் பெட்டிதான், நான்தான் தூக்கி ஏத்துனேன், தெரியும். தெரிஞ்சாலும் கேக்குதுங்களே.

இந்தத் தொழில்ல ரெண்டு விசயம் இருக்குதுங்க. பெட்டி ஏறின வண்டிய உசுரோட இருக்கறவங்க ஊட்டு முன்னால நிறுத்தப்படாது. காலிப் பெட்டின்னாலும் நிறுத்தப்படாது. அதா, அந்த டீக்கடைக்காரன் பாத்தீங்களா, நம்ம வண்டியக் கண்டதும் கைய ஆட்டறான். எனக்கு வணக்கம் வெக்கறான்னு நெனச்சீங்களா? நிக்காம போடாங்கறான். அவன் அப்பனுக்குப் பெட்டி வெச்சதே நான்தான். அன்னிக்கு என்ர கையப் புடிச்சுக்கிட்டு அழுதான்.

இன்னொண்ணு உங்களுக்கே தெரியும். எழவு ஊட்டுல போயிட்டு வாரேன்னு சொல்லப்படாது. போயிட்டு வேற வருவியான்னு ஆயிருமில்ல. பெட்டிய வெச்சமா, கரண்டக் குடுத்தமா, பேசாம வண்டியேறுனமா, அவ்வளவுதான்.

இன்னிக்கு உங்க ஊட்டுல பெட்டிய எறக்குனா வண்டி காலி ஆயிருமுங்க. இன்னொரு பெட்டி எங்கூட்டுலதான் கெடக்குது, யாரும் கேக்கலை. இந்தக் கோடையில வண்டி காலியாத் திரும்பறது இன்னிக்குத்தான். உங்களுக்கு அது பெருசாத் தெரியாது. எனக்கு... சொல்றேன், சொல்றேன். கரட்டுப்பாளையம் வரட்டும்.

முதல்ல நான் கொடிக்கால்தானுங்க வெச்சிருந்தேன். குத்தகை நெலம், வாய்க்கா ஓரமா. கொடிக்காலுக்குள்ள போயிருக்கறீங்களா? வெளிய என்ன வெயிலுன்னாலும் உள்ள தெரியாது. அகத்தி மேல கொடி ஏறி, ரெண்டு பக்கமும் எலை மூடி, கீழ எந்நேரமும் ஈரம். செருப்பப் போட்டுக்கிட்டு யாரும் உள்ள வரப்படாது. கவுண்டரு வந்தாலும் கலெக்டரு வந்தாலும் வெளிய கழட்டிட்டுத்தான். கலாமணி, என்ர சம்சாரம், கண்ணாலம் ஆயி வந்த மறுநாளே உள்ள எறங்கி எலை கிள்ளுனவ. அவ விரலு பட்டா எலை கிழியாது. மத்தியானம் சோத்தத் தின்னுட்டு அங்கயே ஒரு பாத்தி ஓரமாச் சுருண்டு படுத்துக்குவா. எறும்பு கடிச்சாலும் எந்திரிக்க மாட்டா.

அப்புறம் ஒரு சித்திரை வந்துச்சு பாருங்க. வாய்க்கால்ல தண்ணி இல்ல. அது முன்னையும் இல்லாம இருந்திருக்கு, கெணத்தத் தூர் வாரி ஓட்டிருக்கறோம். அந்த வருசம் காத்து வேற மாதிரி. அடுப்படியத் தொறந்து விட்டாப்பல அடிச்சுது. அகத்தி முதல்ல எலைய உதுத்துச்சு. அதுக்கு மேல கொடிக்கு மறைப்பு ஏது? எலையெல்லாம் சுடுதண்ணியில முக்கி எடுத்தாப்பல ஆயிப்போச்சு. சந்தைக்குக் கொண்டுட்டுப் போனா யாவாரி கட்டப் பிரிச்சுக்கூடப் பாக்கலை, கால்ல தள்ளி விட்டான். சரி, மழை வந்தாத் தழையுமுன்னு இருந்தமுங்க. மழையும் வந்துச்சு. ஒரே நாள்ல ஒரு வருசத்து மழை. வேர்ல தண்ணி நின்னு மிச்சமிருந்ததும் அழுகிப்போச்சு.

கலாமணி அழுவலை. நான்தான் அழுதேன். அவ உள்ள போயி, காஞ்ச கொடிக்கு நடுவுல நின்னா. செருப்பக் கழட்டிட்டுத்தான் போனா. செத்துப்போன கொடிக்காலுக்கு என்ன செருப்பு வேண்டிக் கெடக்குதுன்னு நான் கேட்டேன்.

நெலத்துக்காரரு கோழிப்பண்ணைக்குக் குடுத்துட்டாரு. அதுலயே வேலைக்குப் போனேன். அடுத்த கோடையில கோழியெல்லாம் மத்தியானத்துல வாயப் பொளந்துக்கிட்டுச் சாயுது. கூடை கூடையா அள்ளிக் குழியில கொட்டறதுதான் வேலை. பண்ணைக்காரரு வாசல்ல உக்காந்து தலையில கைய வெச்சுக்கிட்டாரு. அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சுங்க. இத்தனை வெயில்ல யாருக்கு நட்டமில்லேன்னு யோசிச்சேன். எளனிக்காரனுக்கு இல்ல. ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்கு இல்ல. எங்க பங்காளி ஒருத்தரு செத்தப்ப, ஐஸ் பெட்டி வர்றதுக்குள்ள மூக்கப் பொத்திக்கிட்டு நின்னமுங்க. முன்னெல்லாம் ஒறம்பரை சனமெல்லாம் வர்ற வரைக்கும் நாலு வேப்பெலையப் போட்டு வெச்சிருப்பாங்க. இப்ப மத்தியானம் செத்தா பொழுது சாயறதுக்குள்ள ஆளு மாறிப்போகுது. பெட்டி இல்லாம முடியாது.

கெணத்து மோட்டார வித்து, கலாமணி நகைய வெச்சு, முதல் பெட்டிய வாங்குனேன். பழைய பெட்டிதான். இப்ப பின்னாடி இருக்குதே, அதேதான். அவ கேட்டா, வேற தொழிலே கெடைக்கலீங்களான்னு. வேற என்னத்தப் பண்றது சொல்லுங்க. நாங்க வயித்துக்குத் திங்கறது இதுலதான்.

தொழிலு நல்லாப் போச்சு. நல்லான்னு சொல்லப்படாது. ஆனாலும் போச்சுங்க. டிவியில செய்தி முடிஞ்சு வெயிலச் சொல்வாங்கல்ல, அதுக்குன்னே உக்காந்திருப்பேன். நூத்தி ஆறுங்கறான், நூத்தி எட்டுங்கறான். எனக்குள்ள ஒரு இது வருமுங்க, மழைக்குக் காத்துக்கிட்டு இருப்பமே முன்ன, அதே மாதிரி. கலாமணி டிவிய அமத்திட்டுப் போயிருவா. எனக்குப் புரியலை, அவளுக்கு என்ன கோவம்னு. கொடிக்கால் இருந்தப்ப நானும் அவளுமா உக்காந்துதான வானிலை கேட்டோம்?

எங்க ஊடு சிமெண்ட் ஷீட்டு. ஃபேன் போட்டா மேல இருக்கற சூட்ட வாரிக் கீழ கொட்டும். அவ மத்தியானத்துல ஈரத்துணியச் சுத்திக்கிட்டு உக்காந்திருப்பா. சோளத்தட்டு அறுக்கப் போயி மயங்கி விழுந்தா, அதுக்கப்புறம் அவளைக் கூலிக்கு யாரும் கூப்பிடலை. விழுந்தா யாரு பதில் சொல்றதுன்னு பயம். ஏசி வாங்கலாமுன்னு நான் சொன்னனுங்க. சொல்லாம இல்ல. ரெண்டாவது பெட்டி வாங்கிட்டு ஏசி வாங்கலாமுன்னேன். ரெண்டாவது பெட்டி வாங்குனப்புறம், மூணாவதையும் வாங்கிட்டா அப்புறம் ஏசி தானா வந்துருமுன்னேன். தப்பா சொன்னேன்? தொழிலு முதல்ல நிக்கோணுமில்ல.

பெட்டி ஊட்டுல சும்மா கெடந்தா அப்பப்ப ஓட்டிப் பாக்கோணும், இல்லீன்னா கேஸ் எறங்கிரும். அன்னிக்கு ஓட விட்டுட்டு வண்டிக்குக் காத்தடிக்கப் போனேன். திரும்பி வந்தா பெட்டி ரூமுக்கு வெளிய கலாமணி செருப்பு. ரெண்டும் ஒண்ணா, ஒழுங்கா, சொவத்தோரமா. ஊட்டுக்குள்ள எந்த ரூமுக்குச் செருப்பக் கழட்டுவாங்க? உள்ள போறேன், பெட்டி மூடிய ஒரு மொறத்தக் குடுத்துத் தூக்கி வெச்சிருக்குது. உள்ள கலாமணி. நெஞ்சு மேல கையக் கட்டிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு.

தம்பி, நான் எத்தனை பேரை அதுக்குள்ள பாத்திருக்கறேன். அந்த மாதிரி யாரையும் பாத்ததில்ல. முகத்துல ஒரு சுருக்கம் இல்ல. கிட்டப் போயிக் குனியறேன். மூடிக் கண்ணாடியில அவ மூச்சு பட்டுப் பட்டு ஆவி படியுது, கலையுது. அதப் பாத்தப்புறந்தான் எனக்கு உசுரு வந்துச்சு.

அப்புறம் கத்துனேன். கத்த மாட்டாங்களா? ஊர்ல யாராவது பாத்திருந்தா என்ன ஆகும்? உசுரோட இருக்கறவ படுத்த பெட்டின்னு தெரிஞ்சா ஒருத்தன் எடுப்பானா? தொழிலுப் பண்டம். அவ எந்திரிச்சு உக்காந்து, தலைமுடிய முடிஞ்சுக்கிட்டு, மெதுவாச் சொன்னா: "கொடிக்காலுக்குள்ள படுத்த மாதிரி இருந்துச்சுங்க." அவ்வளவுதான் சொன்னா. எறங்கி, செருப்பப் போட்டுக்கிட்டு, அடுப்படிக்குப் போயிட்டா. பைத்தியம் புடிச்சிருச்சோன்னு பயந்துட்டேன். மறுநாளே அந்த ரூமுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். சாவி என்ர அரணாக்கயித்துல. இதோ, இப்பவும் இருக்குது பாருங்க.

இதுக்கெல்லாம் அவ கோவிச்சுக்கலை. பூட்டப் பாத்தா, வேலையப் பாக்கப் போயிட்டா. பிரச்சனை அதுல வரலீங்க. வேற ஒண்ணுல வந்துச்சு. ரொம்பச் சின்ன விசயம்.

பங்குனி, சித்திரை, வைகாசின்னு காத்தால ஒரு எழவு ஊடு, மத்தியானம் ஒரு எழவு ஊடு. சொல்லிக்காம எந்திரிச்சு வர்றதே பழகிப்போச்சு. நம்மூட்லயும் அப்படியே ஆயிருக்குது, எனக்கே தெரியலை. போனு வரும், சோத்துக் கையக் கழுவுவேன், வண்டியேறுவேன். முன்னெல்லாம் கொடிக்காலுக்குப் போறதுன்னாக்கூட வாசப்படியில நின்னு, கலாமணி போயிட்டு வாரேன்னு ஒரு சத்தம் குடுத்துட்டுத்தான் போவேன். அவளும் உள்ளயிருந்து ம்ங்கும்பா. அது எப்ப நின்னுச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சிருக்குது.

ஒருநாள் வாசல் வரைக்கும் பின்னாடியே வந்தா. "ஏனுங்க, நம்மூட்ல யாரு செத்துட்டாங்க?"ன்னு கேட்டா.

இது என்னுங்க பேச்சு? வெளக்கு வெக்கற நேரத்துல வாயில வர்ற பேச்சா இது? வாய மூடுன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டேன். அன்னிக்கும் சொல்லிக்கலைன்னு பாதி வழியில நெனப்பு வந்துச்சு. திரும்பிப் போயி சொல்ல முடியுமா, பெட்டியோட?

அடுத்த வாரம் ஒரு ஊட்டுல பெட்டிய எடுத்துட்டு வாரேன், எங்கூடு சாத்திக் கெடக்குது. சோறு வடிச்சு மூடி வெச்சிருக்கறா. கொழம்பு வெச்சிருக்கறா. தண்ணிக்குடம் ரொம்பியிருக்குது. ஆளு இல்ல. பக்கத்தூட்டுக்காரி சொல்றா, பைய எடுத்துக்கிட்டு பஸ்ஸுக்குப் போனாங்கன்னு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்க தம்பி. பொண்டாட்டி புருசங்கிட்டச் சொல்லாமப் போறதா? சண்டை போட்டுட்டுப் போயிருந்தாக்கூட ஆறியிருக்கும். சொல்லிக்காமப் போயிட்டா. அதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் மனசு ஆறலை.

பொறந்தவன் ஊட்டுலதான் இருக்கறா. கரட்டுப்பாளையத்துல. நான் ஆள் விட்டேன். மச்சான் போன்ல ஒரே வார்த்தை சொன்னாரு: "பெட்டி இல்லாம வந்தா வாசப்படி ஏறச் சொல்றா மாப்பிள்ளை." பெட்டி இல்லாம நான் எங்க தம்பி போறது? ஒண்ண எறக்குனா ஒண்ண ஏத்தோணும். வண்டி காலியாத் திரும்புனாத்தான? இந்த ரோட்டுல எத்தனை தடவை போறேன், வாரேன். என்ர வண்டி சைலன்சரு ஓட்டை, சத்தம் ஊருக்கே தெரியும். சத்தம் கேட்டா அவ வாசலுக்கு வருவா. பின்னாடி பாப்பா. பெட்டி இருக்கும். உள்ள போயிருவா. நானும் நிறுத்த மாட்டேன். மச்சான் ஊட்டு முன்னால பெட்டி வண்டிய நிறுத்துனா நல்லாவா இருக்கும்? நாளைக்கு அந்த ஊட்டுல ஒண்ணு ஆச்சுன்னா?

அவ போனப்புறம் ஒருநாள் நானும் அந்தப் பெட்டியில படுத்துப் பாத்தேன். சிரிக்காதீங்க. அப்படி என்னதான் இருக்குதுன்னு பாக்கலாமுன்னு. தலை வெக்கற எடத்துல அவ தேங்காயெண்ணெய் வாசம். பினாயில் ஊத்திக் கழுவியும் போகலை. படுத்தா மேல எங்க ஊட்டு ஷீட்டு, ஷீட்டுல ஒரு ஓட்டை, அதுல வெயிலு ஒரு குச்சி மாதிரி எறங்குது. குளிருன்னா அப்படி ஒரு குளிரு. எனக்குக் கொடிக்காலெல்லாம் ஞாபகம் வரலீங்க. கோழிய அள்ளிக் கொட்டுன குழிதான் ஞாபகம் வந்துச்சு. எந்திரிச்சு ஓடியாந்துட்டேன். அன்னிலிருந்து ராத்திரி தூக்கமில்ல. ஓடாத பெட்டி ஓடற சத்தம் கேக்குது. எந்திரிச்சுப் போயி பூட்டத் தொட்டுப் பாத்துட்டு வந்து படுத்துக்குவேன். பயம்னு இல்ல. பயந்தான். என்னத்துக்கு மறைக்கறது.

கரட்டுப்பாளையம் வந்திருச்சு. அதா, மஞ்சள் காம்பவுண்டு. இந்தப் பக்கம். மெதுவாத்தான் போறேன், மேடு பள்ளம்.

வந்துட்டா. பாத்தீங்களா, வந்துட்டா. எப்பவும் கேட்டுக்கு உள்ளயேதான் நிப்பா. இன்னிக்கு ரோட்டுக்கே வந்துட்டாளே. என்ன பண்றா அவ? தம்பி, பாருங்க, பாருங்க, கையத் தூக்கறாளா? ஐயோ, நிறுத்தப்படாதுங்க. இல்ல, நீங்க சொல்லாதீங்க, பெட்டி இருக்குது, நிறுத்தப்படாது.

தாண்டிட்டோம்.

நீங்க அந்தப் பக்கமாத்தான உக்காந்திருக்கறீங்க. நல்லாப் பாத்தீங்களா? நிறுத்தச் சொல்லிக் கை காட்டுனாளா, இல்ல, வெயிலு கண்ணுல பட்டுதுன்னு நெத்தியில கைய வெச்சாளா? மெலிஞ்சு போயிட்டா. கறுத்தும் போயிட்டா. அந்த ஊடும் ஷீட்டுதான்.

சரி. திரும்பி வரப்ப நிறுத்தறேன். இன்னிக்குக் காலி வண்டி. அவ சொன்னபடியே பெட்டி இல்லாம வாசப்படி ஏறுவேன். என்ன சொல்றதுன்னு யோசிச்சு வெச்சிருக்கறேன். மூணாவது பெட்டிக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, ஆடியில ஏசி வந்துருமுன்னு சொல்வேன். சந்தோசப்படுவா. ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சுட்டு, அடுத்த தடவை கெளம்பறப்ப வாசப்படியில நின்னு, கலாமணி போயிட்டு வாரேன்னு சொல்வேன். தெனமும் காலி ஊட்டப் பாத்துச் சொல்லிப் பழகறனுங்க. நாக்கு திரும்ப மாட்டேங்குது.

உங்க ஊடு அந்தப் பந்தல் போட்டிருக்கறதுதான? எறங்குங்க, பாத்து. ஒரு கை குடுங்க. அங்கிட்டு ரெண்டு பேரு புடிங்கப்பா. சாய்க்காதீங்க, கேஸ் ஏறிக்கும். தலைமாடு தெக்கு வரட்டும். வயர இந்த சன்னல் வழியா விடுங்க. கரண்டு போனா ஜெனரேட்டரு உடனே போடோணும், சொல்லி வையுங்க. அம்மாவக் கொஞ்சம் நகந்துக்கச் சொல்லுங்க. அம்மா, சித்த நேரம்மா, இப்ப ஆயிரும். உள்ள தலை வெக்கற எடத்துல ஒரு எண்ணெய்க் கறை தெரியும், கண்டுக்காதீங்க. ஓடிருச்சு. கைய வெச்சுப் பாருங்க, சில்லுங்குதா? இனி பயமில்ல. நாளை வரைக்கும் அப்பா அப்படியே இருப்பாரு.

இருங்க, போனு.

ஆமாங்க, சென்னியப்பன்தான். எங்கீங்க? எப்ப ஆச்சு? ரோட்டுல தார் போடற எடத்துலயா? அடப் பாவமே. எத்தனை வயசு? ஒண்ணு இருக்குதுங்க, ஊட்டுல இருக்குது. எடுத்துட்டு வந்தர்றேன். நிழல்ல போட்டு வையுங்க.

கேட்டீங்கல்ல தம்பி. என்ன பண்றது சொல்லுங்க. கரட்டுப்பாளையம் வழியாத்தான் போறேன், காலி வண்டிதான். ஆனா கலாமணிகிட்ட நின்னா ரெண்டு வார்த்தையில முடியுமா? உக்காரச் சொல்வாங்க, தண்ணி குடுப்பாங்க, மச்சான் நாயம் பேசுவாரு. இந்த வெயிலுக்குப் பொணம் காத்திருக்காதுங்க. அவ உசுரோடதானுங்களே இருக்கறா. காத்திருப்பா.

கை காட்டுனாளான்னு கேட்டனே, நீங்க சொல்லவே இல்ல. வேண்டாம், இப்பச் சொல்லாதீங்க.

நீங்க அப்பாகிட்டப் போங்க. அந்தப் பக்கமாத் திரும்பிக்குங்க தம்பி, என்னைப் பாக்காதீங்க. இங்கிருந்து போறப்ப ஒண்ணும் சொல்லப்படாது.